திரும்புகிற இடம்

ஒரு நாளைக்கு 12 நிமிடம் நடக்கலாம் என்று எனக்கு எழுதித் தந்தார்கள். எழுதித் தந்தவர் எங்கள் பகுதியிலுள்ள ஓர் இயன்மருத்துவர். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். எனக்குக் கோபம் வந்திருந்தது. இருபது வயதில் நாட்டைவிட்டு வெளிக்கிட்டு, ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றபடி மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவுக்கு வந்து முதியோர் இல்லமொன்றில் 17 வருடம் ஆட்களைத் தூக்கி இருத்தி, குளிக்கவார்த்து, படுக்கவைத்த ஒருத்திக்கு 12 நிமிடமா? வீட்டிலிருந்து கடைக்குப் போய்வரவே அதைவிடக் கூடச் செல்லும்.

“கூடவா, குறைவா?” என்று கேட்டார்.

“சரியான குறைவு” என்றேன்.

“அப்படியென்றால் தொடங்குவதற்கு நல்ல அளவு” என்றார்.

அந்த அளவை ஏற்றுக்கொள்ள எனக்கு ஏறத்தாழ ஒரு வருடம் சென்றது. ஏன் அவ்வளவு காலம் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். எது வெட்கம், எது வெட்கமில்லை என்று சின்ன வயதிலேயே எனக்குள் எழுதிவைத்திருந்த கணக்கு ஒன்று இருந்தது. அதை அழித்து எழுதத்தான் அந்த ஒரு வருடம் வேண்டியிருந்தது.

*

எனக்கு இருப்பது ஃபைப்ரோமயால்ஜியா. உடம்பு முழுக்கத் தசைகளில் நோ, காலையில் விறைப்பு, எட்டு மணித்தியாலம் படுத்து எழும்பினாலும் நித்திரை கொள்ளாத மாதிரிக் களைப்பு, சில நாட்களில் ஒரு சின்ன விசயத்தைக்கூட நினைவில் வைத்திருக்க முடியாத மந்தம். இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. எக்ஸ்ரே படத்திலும் தெரியாது. 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் வகுத்த முறைப்படி உடம்பில் 18 இடங்களை விரலால் அழுத்துவார்கள்; 11 இடத்தில் நொந்தால் இந்த வருத்தம் என்று சொல்வார்கள். 2010இல் அந்த முறையைக் கைவிட்டு, எங்கெங்கே நோகிறது, நித்திரை எப்படி, களைப்பு எப்படி என்று நோயாளியையே கேட்கத் தொடங்கினார்கள். அதாவது, என் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அந்த வாய்ச்சொல்லும் எனக்குச் சரியாக வரவில்லை. யாழ்ப்பாணத்தில் நோ வேறு, உளைவு வேறு, குத்து வேறு, எரிவு வேறு, பிடிப்பு வேறு. வைத்தியரிடம் இவை எல்லாவற்றுக்கும் நான் ஒரே நோர்வேஜியச் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘வெர்க்’ என்று ஒரு சொல் இருப்பதும், அது எங்கள் உளைவுக்குக் கிட்டவாக வரும் என்பதும் தெரியவர ஐந்து வருடம் சென்றது. அதற்கிடையில் ஒரு வைத்தியர், குளிர் நாட்டுக்கு வந்த உங்கள் பெண்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்கிறீர்கள் என்று விட்டமின் டி குளிசை எழுதித் தந்து அனுப்பினார். குளிசை தேவைதான், எனக்கு விட்டமின் டி குறைவாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ‘எல்லோரும்’ என்ற சொல் பல வருடம் என்னோடு இருந்தது.

ஒஸ்லோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டாக் ஆல்பும் 1990களின் தொடக்கத்திலிருந்து ஒரு விசயத்தை ஆராய்ந்து வந்தார். நோர்வே மருத்துவர்களிடமும் கடைசி வருட மருத்துவ மாணவர்களிடமும் 38 நோய்களின் பட்டியலைக் கொடுத்து, மருத்துவ உலகில் எந்த நோய்க்கு எவ்வளவு மதிப்பு என்று கேட்டார். மாரடைப்பு, இரத்தப் புற்றுநோய், மூளைக்கட்டி எல்லாம் மேலே வந்தன. ஃபைப்ரோமயால்ஜியா அடியில் வந்தது. அதைப் படித்தபோது எனக்குக் கவலை வரவில்லை. ஒருவகை ஆறுதல்தான் வந்தது. வைத்தியரின் முகத்தில் நான் கண்டது என் கற்பனை இல்லை என்று ஒருவர் அளந்து காட்டியிருக்கிறார்.

ஆனால் என்னை நம்பாதவர்களில் முதல் ஆள் வைத்தியர் இல்லை. நான்தான்.

*

எங்கள் ஊரில் ‘பஞ்சி’ என்று ஒரு சொல் உண்டு. இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் பலருக்கு அதை விளக்கத் தேவையில்லை. செய்யக்கூடிய வேலையை மனமில்லாமல் தள்ளிப்போடுவது பஞ்சி. “பஞ்சிப்படாமல் எழும்பு” என்ற குரலில்தான் எங்கள் காலைகள் விடிந்தன. அம்மாவுக்கும் முழங்கால் நொந்தது, இடுப்பு நொந்தது. “கிடந்தால் இன்னும் பிடிக்கும், எழும்பி வேலையைப் பார்த்தால் தன்ரபாட்டிலை போயிடும்” என்பார். அவர் வாழ்க்கையில் அது உண்மையாகவும் இருந்தது.

ஆகவே நான் எழும்பி வேலையைப் பார்த்தேன். நோ குறைந்த நாள் ஒன்று வந்தால், கிடந்த நாட்களின் கடனை எல்லாம் அன்றே தீர்க்கப் பார்ப்பேன். வீடு முழுக்கத் துடைப்பேன், திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்ப்பேன். மகளின் பத்தாவது பிறந்தநாளுக்குத் தனிய நின்று 200 ரோல்ஸ் சுற்றிப் பொரித்தேன். வந்தவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். அடுத்த நாலு நாளும் அறையை இருட்டாக்கிக்கொண்டு படுத்திருந்தேன். பிறகு படுத்திருந்ததற்காக வெட்கப்பட்டு, எழும்பக்கூடிய முதல் நாளிலேயே மறுபடி ஓடத் தொடங்கினேன்.

என் மகள் வளர்ந்த பிறகு ஒரு நாள், கோபமில்லாமல், சும்மா கதைக்கும்போது சொன்னாள்: “அம்மா, சின்னனிலை நீங்கள் ஒண்டில் ஓடித்திரிவீங்கள், இல்லாட்டி படுத்திருப்பீங்கள். நாளைக்கு எந்த அம்மா வருவா எண்டு எனக்குத் தெரியாது.”

நான் பொறுத்துக்கொண்டேன், யாருக்கும் பாரமாக இருக்கவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என் பொறுமைக்கான விலையை ஒரு பிள்ளை கட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

*

அந்த 12 நிமிடம் எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். இயன்மருத்துவர் என்னை மூன்று வெவ்வேறு நாட்களில் நடக்கச் சொன்னார். நோ கூடத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி நேரத்தை எழுதவேண்டும். ஒரு நாள் 20 நிமிடம், ஒரு நாள் 10, ஒரு நாள் 15. சராசரி 15. அதிலிருந்து ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தார். 12. கூடாத நாளிலும் செய்யக்கூடிய அளவு அது. அதன் பிறகு அவர் சொன்னதுதான் கடினமானது: நல்ல நாளிலும் அதற்கு மேல் நடக்கக் கூடாது. இரண்டு மூன்று கிழமை ஒரே அளவில் நின்ற பிறகு ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கூட்டலாம்.

உடற்பயிற்சி இந்த வருத்தத்துக்கு உதவும் என்பதில் இப்போது பெரிய கருத்து வேறுபாடு இல்லை. யூலார் என்ற ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்பு 2017இல் வெளியிட்ட பரிந்துரைகளில், மருந்துகள் உட்பட எத்தனையோ சிகிச்சைகளை எடைபோட்டுவிட்டு, உடற்பயிற்சி ஒன்றுக்கு மட்டுமே வலுவான பரிந்துரை தந்தது. அதனால் சும்மா கிடப்பது தீர்வில்லை. அம்மா சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதி அளவு. அதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

முதல் நாள் நான் செய்த பிழையைச் சொன்னால் சிரிப்பீர்கள். 12 நிமிடம் நேரே நடந்து போனேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். முடிந்தது என்று நின்றேன். வீடு 12 நிமிடத் தூரத்தில் இருந்தது. டிசம்பர் மாதம், மூன்றரை மணிக்கே இருட்டு. நடைபாதையில் பனிக்கட்டி. சப்பாத்தின் அடியில் ‘புரொடர்’ என்கிற இரும்பு முள்ளு மாட்டியிருந்தேன். ஒவ்வொரு அடியையும் குத்தி வைத்துத் திரும்பி வந்தேன். வரும் வழியும் நடைதான் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. இருபத்தைந்து வருட வேலையிலும் அதையேதான் செய்திருந்தேன்: போக முடிகிறவரை போவது, திரும்பும் வழிக்கு ஒன்றும் மிச்சம் வைக்காதது.

12 நிமிட நடையில் திரும்புகிற இடம் ஆறாவது நிமிடத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் கால் நோகாது. இன்னும் போகலாம் போல இருக்கும். அங்கேதான் திரும்பவேண்டும்.

*

நோர்வேஜியர்களுக்கு நடை ஒரு மதம் மாதிரி என்று நாங்கள் பகிடியாகச் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை காடு, ஈஸ்டருக்கு மலை. யாருடைய காணியென்றாலும் வேலியடைக்காத காட்டிலும் மலையிலும் எவரும் நடக்கலாம் என்று 1957இலேயே சட்டம் எழுதி வைத்த நாடு. இங்கே வந்த புதிதில், நடக்க முடியாதவர்களுக்கு இந்த நாட்டில் இடம் இருக்குமா என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஆனால் இதே ஆட்கள்தான் மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்பது விதிகள் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அவை தெரியும். 1967ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் 18 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு செஞ்சிலுவைச் சங்கமும் நோர்வே மலைநடைச் சங்கமும் இந்த விதிகளை நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். எட்டாவது விதி, நேரத்தோடு திரும்பி வா, திரும்புவதில் வெட்கமில்லை என்கிறது. ஒன்பதாவது, பலத்தைச் சேமித்து வை என்று தொடங்குகிறது.

வழிதவறாதே, வானிலையைப் பார் என்பதெல்லாம் புத்தி சொல்வது. வெட்கத்தைப் பற்றி ஏன் ஒரு பாதுகாப்பு விதி பேசவேண்டும்? அதை எழுதியவர்களுக்கு மனிதரைத் தெரிந்திருக்கிறது. வானம் கறுப்பதைப் பார்த்தபிறகும் ஆட்கள் திரும்பாமல் போவது, கூட வந்தவர்கள் என்ன நினைப்பார்கள், இவ்வளவு தூரம் வந்துவிட்டேனே, போன வருடம் முடிந்ததே என்ற நினைப்புகளால்தான். அதற்கு எங்களிடம் ஒரு சொல் உண்டு: ரோசம்.

நான் வாழ்நாள் முழுக்கப் பஞ்சிக்குக் காவலிருந்தேன். அம்மா காவலிருந்தார், பள்ளிக்கூடம் காவலிருந்தது, மீன் தொழிற்சாலை மேற்பார்வையாளர் காவலிருந்தார். ரோசத்துக்கு ஒருவரும் காவலிருக்கவில்லை. அதை நற்குணம் என்றே சொல்லி வளர்த்தார்கள். என் உடம்பைப் படுக்கையில் போட்டது பெரும்பாலும் ரோசம்தான்.

*

மகள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு நாள் திருக்குறளின் 48ஆவது அதிகாரத்தின் தலைப்பைக் காட்டி, “வலியறிதல் எண்டால் நோவை அறியிறதா, அம்மா?” என்று கேட்டாள். நாங்கள் வீட்டில் நோ என்றுதான் சொல்வோம். வலி என்ற சொல்லை அவள் சினிமாவிலிருந்து எடுத்திருந்தாள். இல்லை, அங்கே வலி என்றால் பலம், அரசன் தன்னுடைய பலத்தையும் எதிரியின் பலத்தையும் அறிந்து நடக்கவேண்டும் என்பது பொருள் என்று திருத்தினேன். மயிலிறகைக்கூட அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதும், கொம்பின் நுனிவரை ஏறினவன் அதற்கு மேலும் ஏறினால் உயிர்தான் போகும் என்பதும் அந்த அதிகாரத்தில்தான் வருகின்றன.

இப்போது யோசித்தால், பிள்ளை சொன்னதும் அவ்வளவு பிழையில்லை. எவ்வளவு பலம் என்று தெரியவேண்டுமென்றால் எங்கே நோகத் தொடங்குகிறது என்று தெரியவேண்டும். ஆனால் அந்த எல்லையை எங்கள் ஆட்களிடம் வெளியே சொல்ல முடிவதில்லை. கோடையில் அம்மருட் கோயில் தேருக்குப் போகும்போது இதைப் பார்க்கிறேன். நல்லூரில் போலவே காவடியும் கற்பூரச் சட்டியும் வரும். ஊரில் ஆண்கள் சுடுமணலில் பிரதட்டை பண்ணியதும், பெண்கள் பின்னாலே அடியழித்துப் போனதும் நினைவுக்கு வரும். அந்த நோவுக்கு நாங்கள் கைகூப்புகிறோம். அது தானாக ஏற்றுக்கொண்ட நோ, எல்லோரும் பார்க்க வந்த நோ, பின்னேரம் முடிந்துவிடும் நோ. செவ்வாய்க்கிழமை காலையில் போத்தல் மூடியைத் திறக்க முடியாமல் குசினியில் நிற்கிறவளின் நோவுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. நேர்த்தி வைத்தவரை நான் குறைத்துச் சொல்லவில்லை. முடிவில்லாத நோவுடன் இருப்பதற்கு வேறொரு ஒழுக்கம் தேவை. நேர்த்தியில் கடைசிவரை போவதுதான் பக்தி. இதில் கடைசிவரை போகாமல் இருப்பதுதான் ஒழுக்கம்.

*

இதை எழுதும்போது ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. எத்தனை பேர் எதையெல்லாம் இழந்தார்கள். நீ ஒஸ்லோவில் சூடான வீட்டில் இருந்துகொண்டு உளைவைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாய். புலம்பெயர்ந்த எங்கள் எல்லோருக்கும் இந்தக் குரல் தெரியும்.

என் சித்தியின் மகன் 2009இல் வன்னியில் ஒரு காலை இழந்தவன். அவனிடம் என் வருத்தத்தைப் பற்றி நான் நெடுங்காலம் சொல்லவில்லை. ஒரு நாள் தொலைபேசியில் வாய்தவறி அந்த 12 நிமிடத்தைச் சொல்லிவிட்டேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன்.

“அக்கா, எங்களுக்கும் உதைத்தான் சொன்னவங்கள்” என்றான். பொய்க்கால் போட்ட முதல் நாட்களில் கொஞ்ச நேரம்தான் போடவேண்டுமாம். கழற்றி, மிச்சக் காலின் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த நாள் கொஞ்சம் கூட்டவேண்டுமாம். “நான் கேக்கேல்லை. முதல் நாளே பஸ் ஸ்டாண்ட் மட்டும் நடந்து காட்டினன். புண்ணாகி ஒரு மாசம் போடேலாமல் கிடந்தது. ரோசம், அக்கா.”

பெரிய நோ சின்ன நோவை இல்லாமல் செய்வதில்லை என்று அன்றைக்கு விளங்கியது. அவன் என்னுடையதைத் தன்னுடையதோடு வைத்து அளக்கவில்லை. எப்படி நடக்கிறது என்பதைப் பற்றி மட்டும் கதைத்தான். அளந்து பார்த்தது நான்தான். அப்படி அளந்தது அவனுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்கக்கூடாது. இங்கே சுகமில்லை என்றால் ஒரு வருடம் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதனால்தான் என்னால் அரைநேர வேலைக்கு மெல்ல மாற முடிந்தது. ஊரில் கூலிக்குப் போகிற பெண்ணிடம் ஆறாவது நிமிடத்தில் திரும்பு என்று சொல்ல முடியாது. அளவோடு நடப்பது நல்ல குணம் என்று பேசும்போது, அந்தக் குணத்துக்கு யார் காசு கட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பேசவேண்டும்.

*

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. சாட்சியில்லாத நோவில், இது முடியாமையா பஞ்சியா என்று எப்படித் தெரியும்? உண்மையைச் சொன்னால், மழை பெய்ததால் மட்டும் நான் போகாமல் விட்ட நாட்கள் உண்டு. அது பஞ்சி.

நான் கண்டுபிடித்த வழி மிகச் சாதாரணமானது. அளவை முதல் நாள் இரவே கொப்பியில் எழுதிவிடுவேன். அடுத்த நாள் காலையில் வரும் நோவோ, குற்ற உணர்ச்சியோ, உற்சாகமோ அதை மாற்றக்கூடாது. பஞ்சி அதைக் குறைக்கப் பார்க்கும். ரோசம் கூட்டப் பார்க்கும். எழுதிய எண்ணை இரண்டுக்கும் காட்டுவேன். காய்ச்சல், வழுக்கும் பனி போன்ற நாட்களுக்கு விதிவிலக்கு உண்டு, அதையும் எழுதுவேன். என்னை யாரும் நம்பவேண்டும் என்ற தேவை அதோடு மெல்லக் குறைந்தது. நான் என்னை நம்பத் தொடங்கியிருந்தேன்.

கிழமையில் ஒரு நாள் வெந்நீர்த் தடாகத்துக்குப் போகிறேன். 1951இல் தொடங்கிய நோர்வே வாதநோயாளர் சங்கம் இப்படியான குழுக்களை நடத்துகிறது. தண்ணீர் 34 பாகை அளவில் இருக்கும். நீச்சல் தெரியாத, நீச்சல் உடையில் வெளியே நின்று பழகாத எனக்கு முதல் நாள் உடைமாற்றும் அறையிலேயே பாதிப் பலம் போய்விட்டது. உள்ளே போனால் எழுபது வயது நோர்வேஜியப் பெண்கள், அறுவைத் தழும்புகளோடு, பாட்டுக்கு முழங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. தண்ணீர் என் பாரத்தை வாங்கிக்கொண்டது.

மற்ற நாட்களில் நடை. ஸ்தூவ்னரில் 2017இல் ஒரு கோபுரம் கட்டினார்கள். அதில் ஒரு படியும் இல்லை. 260 மீற்றர் நீளப் பாதை, வளைந்து வளைந்து, மரங்களுக்கு மேலாக 15 மீற்றர் உயரம்வரை ஏறிப் போகிறது. சக்கர நாற்காலியிலும் போகலாம். நான் 12 நிமிடத்தில் இருந்தபோது அதன் அடிவாரத்தில் மட்டும் நின்று பார்த்திருக்கிறேன். 18இல் பாதி உயரம். இப்போது 28 நிமிடம். நோ போகவில்லை, போன கிழமையும் இரண்டு நாள் கிடந்தேன். ஆனால் நாலு நாள் கிடப்பது இப்போது அபூர்வம்.

முதன்முதலில் மேலே போகலாம் என்றிருந்த நாளில் மகளும் வந்தாள். கொப்பியில் 20 என்று எழுதியிருந்தேன். வழியில் பழைய சிநேகிதி ஒருவரைக் கண்டு நின்று கதைத்ததில் கால் விறைத்து, நடை மெதுவாகிவிட்டது. கடைசி வளைவுக்குச் சற்று முன்னால் பத்து நிமிடம் முடிந்தது. மேலே இன்னும் முப்பது நாற்பது மீற்றர்தான்.

“கிட்ட வந்திட்டம், அம்மா” என்றாள் மகள்.

“ஓம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் அவளைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். கொஞ்சம் மேலே பார்த்தாள், பிறகு என்னோடு இறங்கி வந்தாள். அன்று பின்னேரம் நான் படுக்கவில்லை. இரண்டு பேரும் இருந்து புட்டு அவித்துச் சாப்பிட்டோம்.